வாசகர் கேள்விகள்: அரிசி மூட்டையும் அனைத்துலக விதிகளும்

கேள்வி: 2023 ஜூலையில் இந்தியா அரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, சிங்கப்பூரின் தேக்காவில் நான் வழக்கமாக வாங்கும் கடையில் ஆளுக்கு ஒரு மூட்டைதான் என்று சொல்லிவிட்டார்கள். தாராள வணிகத்தை வலியுறுத்தும் உலக வணிக அமைப்பு இத்தகைய தடையை எப்படி அனுமதிக்கிறது?
– வாசகி, ஈசூன்

பதில்: எது தடைசெய்யப்பட்டது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஜூலை 20ஆம் தேதி நிறுத்தப்பட்டது பாஸ்மதி அல்லாத பச்சரிசி மட்டுமே. நொய்யரிசி ஏற்றுமதி 2022 செப்டம்பரிலேயே நின்றுவிட்டது. நீங்கள் இட்லிக்கு ஊறவைக்கும் புழுங்கல் அரிசிக்குத் தடையே இல்லை. ஆகஸ்ட் கடைசியில் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி வந்தது, அவ்வளவுதான். ஆனால் பதற்றம் பச்சரிசி, புழுங்கலரிசி என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

விதிகளுக்கு வருவோம். உலக வணிக அமைப்பின் அடிப்படை விதிகளைக் கொண்ட ‘காட்’ உடன்பாட்டின் 11ஆம் பிரிவு ஏற்றுமதித் தடைகளைப் பொதுவாக ஏற்காவிட்டாலும், உணவுப்பொருளுக்குக் கடும் தட்டுப்பாடு நேரும்போது அதைத் தடுக்கவோ தணிக்கவோ தற்காலிகமாகத் தடை விதிக்க இடம் கொடுக்கிறது. 1995இல் நடப்புக்கு வந்த வேளாண்மை உடன்பாட்டின் 12ஆம் பிரிவோ, இறக்குமதி செய்யும் நாடுகளின் உணவுப் பாதுகாப்பைக் கருத்தில் கொள்ள வேண்டும், முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், கேட்டால் கலந்துபேச வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. இறக்குமதி வரிக்கு ஒவ்வோர் உறுப்பு நாடும் உச்ச வரம்பை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறது. ஏற்றுமதித் தடைக்கு அப்படிப்பட்ட கடிவாளம் இல்லை. உடன்பாடு பேசப்பட்ட காலத்தில் உலகின் கவலை மலிந்து குவியும் தானியத்தைப் பற்றியதாக இருந்ததே தவிர, கிடைக்காமல் போகும் தானியத்தைப் பற்றியதாக இல்லை என்பது என் கணிப்பு.

உலக அரிசி ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை ஒரே நாடு வைத்திருக்கும்போது இந்த ஓட்டை பெரிதாகிவிடுகிறது. தடை வந்த அடுத்த மாதமே ஐநா உணவு, வேளாண் அமைப்பின் அரிசி விலைக் குறியீடு 9.8 விழுக்காடு ஏறி, 15 ஆண்டுகளில் காணாத உயரத்தைத் தொட்டது. சிங்கப்பூருக்குச் சிறப்புச் சலுகையாக 50,000 டன் அரிசியை இந்தியா அனுமதித்தது. இரண்டு மாதத் தேவைக்கான அரிசியை இறக்குமதியாளர்கள் இருப்பில் வைத்திருக்க வேண்டும் என்ற நம் விதியும் கைகொடுத்தது. இந்திய நொய்யரிசியை நம்பியிருந்த செனகலுக்கும் இந்தியா 2023இல் சிறப்பு அனுமதி தந்தது. இந்தியாவின் உள்ளூர்ச் சந்தையில் விலையை அடக்கிய இதே தடை, நெல் விற்கும் இந்திய விவசாயியின் வருவாயையும் சேர்த்தே அடக்கியது. பச்சரிசித் தடை 2024 செப்டம்பரில்தான் நீங்கியது.

கேள்வி: அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தம் விவசாயிகளுக்கு வாரி வழங்கும்போது, இந்தியாவின் ஆதார விலையை மட்டும் குறைசொல்வது ஏன்?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: ‘மட்டும்’ என்பதை நான் ஏற்கமாட்டேன். அமெரிக்கப் பருத்தி மானியத்தின்மீது பிரேசில் 2002இல் வழக்குத் தொடுத்து வென்றது. 2014இல் 30 கோடி டாலர் பெற்றுக்கொண்டு அதை முடித்தது. எனினும் உங்கள் ஆதங்கத்தில் நியாயம் உண்டு. விளைச்சலோடும் விலையோடும் தொடர்பில்லாமல் விவசாயியின் கையில் நேரடியாகக் கொடுக்கும் பணம் ‘பச்சைப் பெட்டி’ என்ற வகையில் சேரும், அதற்கு வரம்பே இல்லை. செல்வ நாடுகளால் அப்படிக் கொடுக்க முடிகிறது. நெல்லை நிர்ணயித்த விலைக்கு வாங்கி ரேஷன் கடைக்கு அனுப்பும் நாட்டின் உதவியோ வரம்புக்குட்பட்டது. வளரும் நாடுகளுக்கு அது உற்பத்தி மதிப்பில் 10 விழுக்காடு.

அந்த உதவியைக் கணக்கிடும் முறைதான் விநோதம். இன்றைய ஆதார விலையை இன்றைய சந்தை விலையோடு ஒப்பிடாமல், 1986 முதல் 1988 வரையிலான விலையோடு ஒப்பிடுகிறார்கள். முப்பது ஆண்டுப் பணவீக்கமும் மானியமாகவே கணக்கில் ஏறிவிடுகிறது. 2018-19இல் 4,367 கோடி டாலர் மதிப்புள்ள நெல் உற்பத்திக்கு 500 கோடி டாலர் உதவி என்று இந்தியா தெரிவித்தது. வரம்பு தாண்டிவிட்டதால், உலக வணிக அமைப்பின் 2013 பாலி மாநாட்டில் பெற்ற, வரம்பு தாண்டினாலும் வழக்குத் தொடுப்பதில்லை என்ற ‘அமைதி விதி’யின்கீழ் அடைக்கலம் புகுந்தது. நிரந்தரத் தீர்வு இன்னும் வரவில்லை. அதே சமயம், அரசு வாங்கிக் குவித்த அரிசி உலகச் சந்தைக்குக் கசியக்கூடாது என்று மற்ற ஏற்றுமதி நாடுகள் கேட்பதையும் பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது. தாய்லாந்திலும் சிறு விவசாயிகள்தாம் இருக்கிறார்கள்.

கேள்வி: மலிவான அரிசி வந்து இறங்கினால் ஏழை நாட்டுக்கு நல்லதுதானே?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: நெல்வயலே இல்லாத நமக்கு நல்லது. ஹைத்தியில் அப்படி நடக்கவில்லை. 1995இல் அந்நாடு அரிசிக்கான இறக்குமதி வரியை 35 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைத்தது. மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி உள்ளே வந்தது. உள்ளூர் விவசாயிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. அது தவறு என்றும், தம்முடைய ஆர்கன்சா மாநில விவசாயிகளுக்கு அதனால் நன்மை கிடைத்திருக்கலாம் என்றும் அப்போது அமெரிக்க அதிபராக இருந்த கிளின்டன் 2010இல் அந்நாட்டு செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். அதற்கு இரண்டாண்டு முன்பே, 2008இல் உலக அரிசி விலை எகிறியபோது, ஹைத்தி மக்கள் வீதியில் இறங்கினார்கள். பிரதமர் பதவி இழந்தார்.