ஃபிலிம் இல்லாத கல்லூரியில் ஒளிப்பதிவு படிக்கலாமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகள் ஒளிப்பதிவு படிக்க ஆசைப்படுகிறாள். நாங்கள் விசாரித்த கல்லூரியில் எல்லாமே டிஜிட்டல் கேமராதான். ஃபிலிம் சொல்லித் தருவதில்லை. சினிமாத் துறையில் இருக்கும் உறவினர் ஒருவர், ஃபிலிமில் படிக்காதவர்களுக்கு லைட்டிங் வராது என்கிறார். அந்தக் கல்லூரியில் சேர்க்கலாமா?
– ஒரு தாய், மார்த்தாண்டம்

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். உங்கள் உறவினர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியை டிஜிட்டலிலும் கற்றுக்கொள்ள முடியும்.

35 மி.மீ. ஃபிலிம் நொடிக்கு 24 பிரேம் வீதம் ஓடும்போது நிமிடத்துக்கு 90 அடி செலவாகும். 400 அடிச் சுருள் ஒன்று நாலரை நிமிடம்கூடத் தாங்காது. எடுத்தது சரியா தவறா என்பதும் லேபில் கழுவி வந்த பிறகுதான் தெரியும். ஆகவே அன்றைய மாணவர்கள் கேமராவை ஓடவிடுவதற்கு முன்பே லைட் மீட்டரால் முகத்திலும் பின்னணியிலும் ஒளியை அளந்து, எது எவ்வளவு இருட்டாக விழும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டாக வேண்டியிருந்தது. உறவினர் 'லைட்டிங்' என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான். மானிட்டரைத் துணியால் மூடிவிட்டு, மீட்டரை மட்டும் கையில் கொடுத்து, இரண்டே டேக்கில் காட்சியை முடிக்கச் சொல்லும் ஆசிரியர் இருந்தால் டிஜிட்டல் கேமராவிலும் அது வரும். கல்லூரிக்குப் போகும்போது, கேமராக்கள் எத்தனை என்று கேட்பதைவிட, லைட் மீட்டர் இருக்கிறதா, மாணவர்கள் எடுத்ததைத் திரையிட்டு ஆசிரியர் உடன் அமர்ந்து விவாதிப்பாரா என்று கேளுங்கள்.

மற்றப் பாதியில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ஃபிலிமில் பழகிய கை டிஜிட்டலில் தடுமாறும் இடமும் உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் உச்சி வெயிலில் ஒருவரை நிறுத்திப் படமெடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: காலடியில் கருமணல், பின்னால் வெள்ளை நுரை. நெகட்டிவ் ஃபிலிமுக்கு ஒளி கொஞ்சம் கூடினாலும் நுரையின் விவரம் பெரும்பாலும் தப்பிவிடும். ஒளி குறைந்தால்தான் மணல் வெறும் கறுப்பாகிவிடும். எனவே நிழலுக்குத் தாராளமாக ஒளி கொடு என்பதே அங்கே பாலபாடம். டிஜிட்டல் கேமராவில் ஃபிலிமுக்குப் பதிலாக ஒளியை வாங்கும் சென்சாரில் நிலைமை தலைகீழ். நுரை ஒருமுறை வெளிறிவிட்டால் எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. இருண்ட மணலைப் பிறகு ஓரளவு வெளிச்சமாக்கிவிடலாம், படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டும், அவ்வளவுதான். பழைய பாடத்தை அப்படியே கொண்டுவந்தால் நுரை போய்விடும்.

சினிமாத் தொழிலும் டிஜிட்டலுக்குத் திரும்பி வெகுகாலமாகிறது. 2011 வாக்கில் ஆரி, பானாவிஷன் போன்ற நிறுவனங்கள் புதிய ஃபிலிம் கேமரா தயாரிப்பதை விட்டன. 2013இல் ஃபியூஜி படப்பிடிப்புக்கான ஃபிலிமை நிறுத்தியது. கோடாக் இன்னும் தயாரிக்கிறது என்றாலும், உங்கள் மகளுக்குக் கிடைக்கப்போகும் வேலை ஏறக்குறைய முழுவதும் டிஜிட்டலில்தான் இருக்கும்.

இருந்தாலும் ஃபிலிமை ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும் என்றே சொல்வேன். அதற்கு சினிமா கேமரா வேண்டாம். யாராவது வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய ஸ்டில் கேமராவும், 36 படம் எடுக்கும் கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்றும் போதும். ஒவ்வொரு படத்துக்கும் கேமராவில் வைத்த ஒளி அளவைக் குறித்துவைத்து, வீட்டிலேயே டெவலப் செய்து, குறிப்போடு ஒப்பிடட்டும். ஃபிலிமைக் கழுவும் ரசாயனமான டெவலப்பரில் எவ்வளவு நேரம் வைப்பது என்று சொல்லும் அட்டவணைகள் பெரும்பாலும் 20 டிகிரிக்குப் போட்டவை. நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் அதைவிடச் சூடாக இருக்கும். பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் வைத்துக் குளிரவைக்கலாம், அல்லது சூட்டுக்கேற்ப நேரத்தைக் குறைக்கலாம். இதைக் கவனிக்காவிட்டால் நெகட்டிவ் கறுத்து, பிரிண்ட் போடவே சிரமமாகிவிடும்.

கேள்வி: ஃபிலிம் கெட்டுப்போகும், டிஜிட்டல் கெடாது. மாணவர் குறும்படங்களைப் பாதுகாக்க டிஜிட்டலே நல்லது என்பது சரிதானே?
– ஒரு மாணவர், குளச்சல்

பதில்: சரியல்ல. அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் உங்கள் ஊரின் கடலோர ஈரத்தில் வினிகர் வாடையோடு சிதையும் என்பது உண்மைதான். நம் வீட்டு அலமாரி அதற்கு ஏற்ற இடமே அல்ல. ஆனால் ஹார்டு டிஸ்க் எந்த வாடையும் காட்டாமல் ஒரே நாளில் நின்றுபோகும். மூன்று பிரதிகள் வைத்திருங்கள். ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும். எடிட் செய்த படத்தோடு, கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்புகளையும் சேர்த்து வையுங்கள்.