6 வருஷமாகப் பரணில் கிடந்த கார் வேக்ஸை இப்போது போடலாமா?

பரணில் கிடந்த பழைய கார் வேக்ஸைக் காருக்குப் பூசலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் சொல்வது தகர டப்பாவில் வரும் கெட்டி வேக்ஸ், அதாவது பெயின்ட் பளபளக்கப் பூசும் மெழுகு: 200 கிராம், பாதி தீர்ந்தது, விளிம்பை விட்டுச் சுருங்கி நடுவில் விரிசல். அப்படியென்றால் பெரும்பாலும் போடலாம். ஒரு சின்ன காருக்கு ஒரு தடவை பூச 20 கிராம்கூட ஆகாது, அதனால் இந்த டப்பாக்கள் எல்லார் வீட்டிலும் வருஷக்கணக்கில் கிடக்கத்தான் செய்யும்.

மெழுகு லேசில் கெடாது. இதில் பெரும்பாலும் இருப்பது கார்னாபா, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுப்பது. 82 டிகிரி தாண்டினால்தான் உருகும். தனியாக எடுத்து உடைத்தால் சில்லாகத் தெறிக்கும். அதைத் தடவுகிற பதத்துக்குக் கொண்டுவர மினரல் டர்பன்டைன் மாதிரி ஒரு பெட்ரோலியக் கரைப்பானைச் சேர்க்கிறார்கள். மூடி இடுக்கு வழியாக ஆவியாகிப் போனது அந்தக் கரைப்பான். விரிசல் விழுந்ததும் அதனால்தான்.

முதலில் மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். துரு இருந்து, அதன் பொடி வேக்ஸ் மேல் உதிர்ந்திருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். கடற்கரை ஊர்களில் இது சகஜம். மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டு மிச்சத்தைப் போடலாமே என்று தோன்றும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் போதும், பெயின்டின் மேலிருக்கும் நிறமில்லாத பூச்சான க்ளியர் கோட்டில் வட்ட வட்டமாகக் கோடு விழும்.

துரு இல்லையென்றால், மிளகளவு எடுத்து விரல்களுக்கு நடுவே அரை நிமிஷம் தேயுங்கள். உடம்புச் சூட்டில் இளகி வழுக்கினால் நல்லது. நறநறவென்றால் வேண்டாம். அடுத்து, ஒரு பழைய கண்ணாடித் துண்டில் மெல்லிசாகத் தடவி 10 நிமிஷம் விடுங்கள். வெள்ளையாகப் பூத்து, மைக்ரோஃபைபர் துணியால் ஒரே இழுப்பில் வந்துவிட வேண்டும். பிசுபிசுவென்று இழுத்தாலோ, அழுத்தித் துடைத்தும் திட்டுத் திட்டாக நின்றாலோ அதைக் காரில் வைக்காதீர்கள். துடைத்த கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: புதுக் கீறல் தெரியக் கூடாது.

இளகாமல் வெறும் கட்டியாக இருந்தால் பழைய பதத்துக்குக் கொண்டுவர ஒரு வழி உண்டு. அதற்கு முன், கடலை அளவு வேக்ஸை வெந்நீரில் போட்டுக் கலக்குங்கள். தண்ணீர் பால் போல வெளுத்தால் அது தண்ணீர் சேர்த்துச் செய்த க்ரீம் ரகம். டர்பன்டைன் ஊற்றினால் திரிந்துவிடும், முயல வேண்டாம். வெளுக்கவில்லையென்றால், தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ கொண்டு போய்விடுங்கள். டப்பாவின் மூடியைக் கழற்றிவிட்டு, பாதி உயரம் மூழ்கும்படி அந்த வெந்நீரில் வையுங்கள். ஓரம் இளகியதும் பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைன் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, விட்டு ஐஸ்க்ரீம் குச்சியால் கிளறுங்கள். 100 கிராமுக்கு 2 டீஸ்பூனைத் தாண்டாதீர்கள். அதிகமானால் பூசியது காயாமல் எண்ணெய் மாதிரி நிற்கும். பிறகு மூடி, ஆடாமல் ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். டப்பாவை நேராக அடுப்பில் வைக்கவே கூடாது: கரைப்பானின் ஆவி குப்பென்று பற்றும். டர்பன்டைனுக்குப் பதில் தின்னர் விட்டால் பெயின்டையே தாக்கும், மண்ணெண்ணெய் சட்டென்று உலராமல் பிசுக்கை விட்டுப் போகும்.

பாட்டிலில் வரும் திரவ வேக்ஸ் வேறு கதை. அது தண்ணீரும் எண்ணெயும் மெழுகும் சேர்ந்த பால்மம், பலவற்றில் மெருகேற்றும் பொடியும் இருக்கும். 2 நிமிஷம் நன்றாகக் குலுக்கிவிட்டுக் கால் மணி நேரம் நிற்கவையுங்கள். மறுபடி மேலே தண்ணீரும் கீழே சேறுமாகப் பிரிந்தால் முடிந்தது. அடியில் உறைந்த பொடிக் கட்டி உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். ஸ்ப்ரே ரகத்தில் புளித்த நாற்றம் அடித்தாலும் அதே முடிவு. வேக்ஸுக்குப் பதிலாகப் பூசி இறுகவிடும் செராமிக் கோட்டிங் பாட்டிலை ஒருமுறை திறந்துவிட்டால் காற்றிலுள்ள ஈரமே அதை இறுக்கிவிடும். படிகம் கட்டியிருந்தால் வடிகட்டிக்கூட உபயோகிக்காதீர்கள்.

கண்ணாடிச் சோதனை தேறிய வேக்ஸையும் எடுத்த எடுப்பில் பானெட்டில் வைக்க வேண்டாம். ஷாம்பு போட்டுக் கழுவி, நிழலில், கதவைத் திறந்தால் தெரியும் உள்விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பூசித் துடைத்து மறுநாள் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக நின்றால் மிச்சக் காருக்கும் போகலாம். கறுப்பு பிளாஸ்டிக் பட்டிகளில் மட்டும் படாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், காய்ந்த வெள்ளைக் கறையை டூத்பிரஷால் தேய்த்து எடுப்பது பெரிய ரோதனை. டப்பாவுக்குள்ளேயே கிடக்கும் வேக்ஸ் பூசுகிற பழைய ஃபோம் பேடைத் தொடாதீர்கள், வேக்ஸைவிட அதுதான் கல்லாகியிருக்கும்.

தேறாத கெட்டி வேக்ஸைச் சாக்கடையில் போடாதீர்கள். ரம்பம், உளி, மரத்தில் முறுக்குகிற திருகாணி இதற்கெல்லாம் தடவ அது தாராளமாகப் போதும்.