125 கிலோ எடை உள்ளவரை ஆர்லாண்டோ தீம் பார்க் ரைடுகளில் ஏற்றுவார்களா?

கேள்வியில் நீங்கள் கொடுத்த விவரம்: கணவருக்கு 125 கிலோ, உயரம் 5 அடி 8 அங்குலம். மகள் வீட்டுக்கு வரும்போது ஆறு வயதுப் பேரனோடு, ஃபுளோரிடா மாநிலத்தில் இருக்கும் ஆர்லாண்டோ போகத் திட்டம். ஒரு மணி நேரம் வரிசையில் நின்று சீட்டில் உட்கார்ந்த பிறகு, அத்தனை பேர் முன்னால் "இறங்குங்க சார்" என்று சொல்லிவிடுவார்களோ என்று அவருக்குக் கவலை.

முதலில் நேரடியான பதில். பெரும்பாலான ரோலர் கோஸ்டர்களுக்கு "இத்தனை கிலோ வரை" என்று வரம்பு எழுதி வைத்திருக்க மாட்டார்கள். எடை மெஷினும் இருக்காது. சேஃப்டி பார், அதாவது சீட்டில் உட்கார்ந்ததும் மடியின் மேல் இறங்கிப் பிடித்துக்கொள்ளும் கம்பி, அவர் உடம்பின் மேல் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதுதான் கணக்கு. 125 கிலோ உள்ள ஆறடி மூன்று அங்குல ஆளுக்குச் சுலபமாக மூடும் பார், அதே எடையுள்ள குள்ளமான ஆளுக்கு மூடாமல் போகலாம். அதனால் உங்கள் கணவர் சில ரைடுகளில் தாராளமாகப் போவார், சிலவற்றில் முடியாது. எது எது என்று வரிசையில் நிற்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

நான் அதே ஃபுளோரிடாவில் டாம்பா பக்கம் இருக்கிறேன். எனக்கும் பெரிய உடம்புதான். ரைடுகள் மேல் சின்ன வயதிலிருந்தே ஆசை, அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் தேடித் தேடிப் படித்திருக்கிறேன்.

பார் எதற்கு என்று பார்ப்போம். கோஸ்டர் ஒரு மேட்டின் உச்சியைத் தாண்டிச் சட்டென்று கீழே இறங்கும்போது வண்டி தண்டவாளத்தோடு போகும், உங்கள் உடம்போ வந்த வேகத்தில் மேலேயே போகப் பார்க்கும். சீட்டிலிருந்து எழும்புகிற மாதிரி இருக்கும் அந்த நொடிக்காகத்தான் பாதிப் பேர் ஏறுவதே. அந்த நொடியில் உங்களைப் பிடித்து வைப்பது தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் பதிந்திருக்கும் பார் மட்டும்தான். பார் தொடைவரை இறங்காமல் வயிற்றில் முட்டி நின்றுவிட்டால்? உட்கார்ந்திருக்கும்போது இறுக்கமாகத்தான் தெரியும். ஆனால் வயிற்றுச் சதை அமுங்கக்கூடியது. உடம்பு மேலே எழும்பும்போது அது அமுங்கிக்கொடுக்கும், பாருக்கும் தொடைக்கும் நடுவே இடைவெளி திறக்கும். ஆள் நழுவ அது போதும். "டைட்டாத்தானே இருக்கு, விட வேண்டியதுதானே" என்று ஆபரேட்டரிடம் சண்டை போடுபவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

2013 ஜூலையில் டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டனில் உள்ள சிக்ஸ் ஃபிளாக்ஸ் பார்க்கில், நியூ டெக்சாஸ் ஜயன்ட் கோஸ்டரிலிருந்து ஒரு பெண் விழுந்து இறந்தார். அந்த ரைடைச் சில வாரம் மூடி வைத்து, பாரின் பஞ்சுப் பட்டையை மாற்றி, சீட் பெல்ட்டும் சேர்த்துத்தான் மறுபடி திறந்தார்கள். வாசலிலேயே உட்கார்ந்து பார்க்க ஒரு சீட்டும் வைத்தார்கள்.

சீட் பெல்ட் பற்றி ஒன்று. விமானத்தில் பெல்ட் எட்டவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். கோஸ்டரில் கேட்டால் தர மாட்டார்கள், நிறையப் பேருக்கு அதில் கோபம். பல கோஸ்டர்களில் பெல்ட்டின் நீளமே ஒரு அளவுகோல். அது பூட்டினால் பார் வேண்டிய அளவு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். நீளமான பெல்ட் கொடுத்தால் அளவுகோலையே நீட்டிக் கொடுத்த மாதிரி.

இதில் விளையாடினால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்லாண்டோவிலேயே ஒரு கொடுமை நடந்தது. 2022 மார்ச் 24, ஐகான் பார்க் என்ற இடத்தில் ஃபிரீஃபால் என்ற டவர் ரைடு. 430 அடி உயரம். மேலே போனதும் சீட்டுகள் முன்பக்கம் சாய்ந்து முகம் தரையைப் பார்க்கும், பிறகு விடுவார்கள். பெல்ட் கிடையாது, தோள் மேலிருந்து இறங்கும் ஹார்னஸ் மட்டும்தான். 14 வயதுப் பையன் ஒருவன் ஏறினான். எடை 170 கிலோவுக்கு மேல். தயாரிப்பாளரின் கையேட்டில் எழுதியிருந்த வரம்பு 130 கிலோ. கீழே வரும்போது பிரேக் பிடித்த வேகத்தில் அவன் ஹார்னஸுக்கும் சீட்டுக்கும் நடுவே நழுவி விழுந்து இறந்துபோனான்.

விசாரணையில் வந்த விவரம்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ஹார்னஸ் போதுமான அளவு மூடாவிட்டால் ரைடு கிளம்பக் கூடாது, அதற்குத்தான் ஒவ்வொரு சீட்டிலும் சென்சார். இரண்டு சீட்டுகளில் மட்டும் அந்தச் சென்சாரைக் கையால் மாற்றி வைத்திருந்தார்கள். ஹார்னஸுக்கும் சீட்டுக்கும் நடுவே சாதாரணமாக மூன்று அங்குலச் சொச்சம் இருக்க வேண்டிய இடைவெளி ஏழு அங்குலத்தை நெருங்கினாலும் பச்சை விளக்கு எரியும்படி செய்திருந்தார்கள். பையன் உட்கார்ந்தது அதில் ஒன்றில். விளக்கு எரிந்தது, ரைடு கிளம்பியது. அவன் தப்பு என்ன இதில்? ஏறலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள், ஏறினான். அடுத்த ஆண்டு ஃபுளோரிடா அரசு அவன் பெயரிலேயே ஒரு சட்டம் போட்டது, அந்த டவரையும் பிரித்து எடுத்துவிட்டார்கள். 2024 டிசம்பரில், ஆஸ்திரியாவைச் சேர்ந்த தயாரிப்பு நிறுவனம் பெற்றோருக்கு 31 கோடி டாலர் தர வேண்டும் என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது.

இது தெரிந்த பிறகு, "உங்களுக்கு மூடவில்லை, மன்னிக்கவும்" என்று என்னிடம் சொல்லும் ஆபரேட்டர் மேல் எனக்கு மரியாதைதான் வருகிறது. ஒரு கவுண்டி ஃபேரில், அதாவது நம்மூர்ப் பொருட்காட்சி மாதிரி ஒன்றில், இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. ஹார்னஸ் எனக்குப் பூட்டவில்லை என்றதும் அங்கிருந்த ஆள் முழங்காலை அதன் மேல் ஊன்றி, முழு பலத்தோடு அழுத்தினார். ஒரு கிளிக் கேட்டது. "ஓகே, யூ ஆர் குட்" என்றார். வேண்டாம், திறந்துவிடுங்கள் என்று சொல்லி இறங்கிவிட்டேன். உங்கள் கணவரிடமும் சொல்லிவையுங்கள்: கையால் சாதாரணமாகத் தள்ளி மூடாத பார், அவருக்கான பார் இல்லை.

இனி வழிமுறை. ஆர்லாண்டோவின் பெரிய பார்க்குகளில் முக்கியமான ரைடுகளுக்கு வெளியே டெஸ்ட் சீட் இருக்கும், அதாவது உள்ளே இருக்கும் அதே சீட், அதே பார். கூச்சப்படாமல் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். காலையில் பார்க் திறந்ததும் போனால் சுற்றி ஆளே இருக்காது. பின்பக்கத்தைச் சீட்டோடு ஒட்டி நேராக உட்கார வேண்டும், பாக்கெட்டில் இருக்கும் போன், பர்ஸ் எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிட வேண்டும். யுனிவர்சலில் ஹாரி பாட்டர் ஃபர்பிடன் ஜர்னி 2010-ல் திறந்தபோது பெரிய உடம்புக்காரர்கள் நிறையப் பேர் திரும்ப வேண்டியிருந்தது. பிறகு நால்வர் பெஞ்சின் இரண்டு ஓரச் சீட்டுகளையும் மாற்றி அமைத்தார்கள். நான் போவது அந்த ஓரச் சீட்டில்தான். வாசலில் நிற்கும் ஊழியரிடம் "பெரிய ஆளுக்கான சீட் எது" என்று கேட்டால் எந்த முகச்சுளிப்பும் இல்லாமல் சொல்வார்கள். அவர்களுக்கு அது தினமும் கேட்கும் கேள்வி.

எடை மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். டிஸ்னியில் டிரான் என்று ஒரு கோஸ்டர், 2023-ல் வந்தது. பைக்கில் குனிந்து உட்காருவது போல உட்கார வேண்டும். முதுகில் ஒரு தட்டு இறங்கும், காலுக்குப் பின்னால் ஒரு தடுப்பு வந்து கெண்டைக்காலைப் பிடிக்கும். என் மைத்துனர் என்னைவிட ரொம்ப ஒல்லி, தினமும் சைக்கிள் ஓட்டுபவர். டெஸ்ட் வண்டியில் உட்கார்ந்தார். முதுகுத் தட்டு அழகாக இறங்கியது, கால் தடுப்பு கெண்டைக்காலில் முட்டி நின்றுவிட்டது. சில வண்டிகளின் கடைசியில் சாதாரணச் சீட்டும் மடியில் இறங்கும் பாரும் உண்டு. அதைக் கேட்டு வாங்கி இரண்டு பேரும் ஒன்றாகப் போய் வந்தோம். டிஸ்னியின் அனிமல் கிங்டம் பார்க்கில் உள்ள அவதார் ஃபிளைட் ஆஃப் பேசேஜ் ரைடும் இதே மாதிரி உட்காரும் வகைதான், வாசலில் டெஸ்ட் சீட் உண்டு. வயதானவர்களுக்கு முழங்கால் வலி இருந்தால் இந்த இரண்டும் கொஞ்சம் சிரமம்.

கிலோ கணக்கு நிஜமாகவே வருவது தண்ணீர்ச் சறுக்குகளில். வால்கனோ பே பார்க்கில் காலுக்குக் கீழே கதவு திறந்து நேராக விழும் ஒரு சறுக்கு இருக்கிறது, அதற்கு வரம்பு 300 பவுண்டு, அதாவது 136 கிலோ. மிதவையில் பலர் சேர்ந்து போகும் சறுக்குகளில் மொத்த எடைக்கு வரம்பு. எடை கூடினால் வேகம் கூடும், யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதும் சேரும். 2016-ல் கன்சாஸ் சிட்டியில் வெருக்ட் என்ற 168 அடிச் சறுக்கில் 10 வயதுப் பையன் இறந்தபோது மூன்று பேரின் மொத்த எடை வரம்புக்குள்தான் இருந்தது. லேசான பையன் முன்னால், அவனைவிடப் பல மடங்கு எடையுள்ள இரண்டு பெண்கள் பின்னால். இரண்டாவது மேட்டில் மிதவை அந்தரத்தில் எழும்பிவிட்டது. அதனால் சறுக்கு ஊழியர்கள் இடம் மாறி உட்காரச் சொன்னால் மறுபேச்சு வேண்டாம்.

பேரனுக்கு உயரம்தான் அளவு. பெரிய கோஸ்டர்களில் 48 அங்குலம் (122 செ.மீ.) என்பதைப் பல இடங்களில் பார்ப்பீர்கள், யுனிவர்சலில் உள்ள ஹல்க் கோஸ்டருக்கு 54. ஆறு வயதில் 48 வருவது கொஞ்சம் கஷ்டம். ஷூவுக்குள் பேப்பர் மடித்து வைத்து உயரம் காட்டும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். குட்டி உடம்பு பாருக்குக் கீழே வழுக்கிப் போகாமல் இருக்கத்தான் அந்த அளவு. பையனால் ஏற முடியாத ரைடுகளில் "சைல்டு ஸ்வாப்" என்று கேளுங்கள். குடும்பத்தில் ஒருவர் அவனோடு காத்திருக்க, மற்றவர்கள் போய் வந்ததும் காத்திருந்தவர் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறலாம். டிஸ்னியில் இதற்கு "ரைடர் ஸ்விட்ச்" என்று பெயர்.

உங்கள் கணவருக்கு என் யோசனை: முதல் நாள் யுனிவர்சல், நேராக ஃபர்பிடன் ஜர்னியின் டெஸ்ட் சீட். அது மூடினால் அங்கே மற்ற பல ரைடுகளும் சரிவரும் என்று நம்பிக்கை வைக்கலாம், ஆனாலும் ஒவ்வொன்றின் வாசலிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டே வரிசையில் நில்லுங்கள். டெஸ்ட் சீட்டில் மூடியது உள்ளே மூடாமல் போவதும் எப்போதாவது நடக்கும், கடைசி வார்த்தை உள்ளே இருக்கும் ஆபரேட்டருடையது. எந்த மாதம் வருகிறீர்கள், எந்தெந்த பார்க் டிக்கெட் என்று கமென்ட்டில் எழுதுங்கள், ரைடு வாரியாகச் சொல்கிறேன்.