வாரண்ட் இல்லாமல் வீட்டைச் சோதனை போடலாமா?

கேள்வி: பைக் திருட்டு வழக்கில் என் தம்பியைத் தேடி, போன வாரம் இரவு ஒன்பதரை மணிக்கு எஸ்.ஐ.யும் இரண்டு போலீஸாரும் வந்தார்கள். வாரண்ட் கேட்டதற்கு, ‘அதெல்லாம் தேவையில்லை’ என்றார்கள். பீரோவைக் குடைந்து செல்போனையும் 40,000 ரூபாயையும் எடுத்துக்கொண்டு, எழுதாத தாளில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிப் போனார்கள். இது சரியா?

பதில்: வாரண்ட் இல்லாமல் வந்தது மட்டுமே தவறாகிவிடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185-ஆம் பிரிவு (பழைய சட்டத்தில் 165) அதற்கு இடம் தருகிறது. வாரண்ட் வாங்கி வருவதற்குள் பொருள் கைநழுவும் என்று நம்பக் காரணம் இருந்தால் போலீஸ் நேரே வரலாம். இரவில் வரக்கூடாது என்றும் அந்தப் பிரிவில் இல்லை. சூரிய உதயம், அஸ்தமனம் என்று நேரம் பார்ப்பது போதைப்பொருள் தடுப்புச் சட்டம்.

ஆனால் அந்தக் காரணத்தையும், எந்தப் பொருளைத் தேடுகிறார்கள் என்பதையும் சோதனைக்கு முன்பே வழக்கு நாட்குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். பைக்கையோ அதன் ஆர்.சி.யையோ தேடி வந்தவர்களுக்கு பீரோவில் இருந்த பணம் எதற்கு? எழுதிய பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போயாக வேண்டும். நீங்கள் மனு போட்டால் அதை அவர் இலவசமாகத் தருவார். முதல் வேலையாக அதை வாங்குங்கள். பதிவே போகவில்லை என்றால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான்.

அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சியாக இருந்தார்களா? எடுத்த பொருள்களின் பட்டியல் நகல் கொடுத்தார்களா? 105-ஆம் பிரிவுப்படி, பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குவது வரை வீடியோ எடுத்திருக்க வேண்டும். வெற்றுத் தாள் விஷயம் அதில் தெரிந்துவிடும். அம்மா பெயரில் எஸ்.பி.க்கு (மாநகரமென்றால் கமிஷனருக்கு) இன்றே பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். சோதனையில் குறை இருந்தால் வழக்கே உடைந்துவிடும் என்று டீக்கடை வக்கீல்கள் சொல்வார்கள். முறைகேடான சோதனையில் கிடைத்தது என்பதாலேயே ஒரு சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1973-இலேயே பூரன் மல் வழக்கில் சொல்லிவிட்டது. எனவே தம்பியின் வழக்கைத் தனியாக நடத்துங்கள்.

பணத்தையும் போனையும் கேட்டு 503-ஆம் பிரிவில் மனு போடலாம். போன் பில்லையும், பணம் சீட்டு எடுத்ததா, நகை அடகு வைத்ததா என்று காட்டும் ரசீதையும் மனுவோடு இணையுங்கள்.