சீசன் முடிந்தது, ஆளை நிறுத்தலாமா?

குன்னூர் பெட்போர்டு பக்கம் குறுகலான ஒரு மாடிப்படி ஏறினால் என் அறை. 31 வருஷம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் செக்ரோல், அதாவது ஆள் வருகைப் பதிவேடு, எழுதியவன் நான். இப்போது சின்னக் கடைக்காரர்களுக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), சம்பளப் பதிவேடு என்று பார்த்துக் கொடுக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதியில் ஒரே வரி இருந்தது: "வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்திருந்தேன் சார்." வீட்டுப் பிள்ளைக்கு யாரும் வேலை ஆர்டர் எழுதிக் கொடுப்பதில்லை, லீவு கணக்கு வைப்பதில்லை. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சேரிங்கிராஸில் ஹோம்மேட் சாக்லேட் கடை வைத்திருக்கிறேன். விற்பனைக்கு நின்ற பெண் 6 வருஷம் 7 மாதம் வேலை பார்த்தாள். ஜூன் கடைசியில் வியாபாரம் படுத்ததும், அன்றுவரை சம்பளத்தைக் கொடுத்து, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆகஸ்டில், இரண்டாவது சீசனுக்காக வேறு பெண்ணைச் சேர்த்தேன். இப்போது தொழிலாளர் துறையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கடையில் நிரந்தரமாக 7 பேர்தான். மே மாதம் மட்டும் 12 பேர் ஆகும். அவளுக்கு மாதம் 13,000 ரூபாய் கொடுத்தேன். நான் என்ன தப்புச் செய்தேன்? — வாசகர், ஊட்டி

அன்றுவரை சம்பளம் கொடுத்தீர்கள், அது ஒன்றுதான் சரி. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-வது பிரிவைப் பாருங்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நிறுத்த வேண்டுமென்றால் நியாயமான காரணம் இருக்க வேண்டும். அதோடு ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அல்லது அதற்குப் பதில் ஒரு மாதச் சம்பளம். இரண்டும் சேர்ந்துதான் வேண்டும். ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் திணித்துவிட்டால் காரணம் தேவையில்லை என்று பாதி முதலாளிகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருட்டு, அடிதடி என்றால் நோட்டீஸ் இல்லாமல் அனுப்பலாம். அதற்கும் விசாரணை வைத்து, சாட்சியத்தை எழுத்தில் பதிந்திருக்க வேண்டும்.

வியாபாரம் இல்லை என்பது காரணம் ஆகாதா என்று கேட்பீர்கள். உண்மையிலேயே இல்லையென்றால் ஆகும். ஆனால் ஆகஸ்டில் அதே கவுன்டரில் வேறு பெண்ணை நிறுத்தியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும், உங்கள் காரணம் கரைந்துபோக. நம் ஊரில் ஏப்ரலிலிருந்து ஜூன், அப்புறம் செப்டம்பர், அக்டோபர் என்று இரண்டு சீசன் உண்டு என்பது விசாரிக்கிற அதிகாரிக்கும் தெரியும்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்காத விஷயம். 10 பேருக்குக் கீழே இருந்தால் பணிக்கொடை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கிற கிராஜுவிட்டி, கிடையாது என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருப்பார்கள். அந்தப் பத்தை எப்படி எண்ணுவது தெரியுமா? முந்தைய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் 10 பேர் இருந்தாலும் கடை அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். மலர்க் கண்காட்சி நேரத்தில் பார்சல் கட்ட நின்ற ஐந்து பையன்களும் கணக்கில் சேர்த்திதான். ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே போக முடியாது. சமவெளிக் கடைக்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு. சீசனை நம்பிப் பிழைக்கிற நமக்குத்தான் இது கண்ணி. ஈ.எஸ்.ஐ.க்கும் அந்தப் பத்துப் பேர்தான் எல்லை; மாதம் 21,000 ரூபாய்வரை வாங்குகிறவருக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம்.

கணக்கைப் போடுவோம். 13,000-ஐ மாதத்தின் 26 வேலை நாளால் வகுத்தால் ஒரு நாள் கூலி 500. வருஷத்துக்கு 15 நாள், அதாவது 7,500. 6 வருஷம் 7 மாதம் என்றால் 7 வருஷம், ஏனென்றால் ஆறு மாதத்துக்கு மேல் போன துண்டு முழு வருஷமாக எண்ணப்படும். ஆக 52,500 ரூபாய். முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டியது. தாண்டினால் வட்டி ஓடும். 1972-ஆம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டம், 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனால் இந்தக் கணக்கு மாறவில்லை. அதே நாளில் வந்த ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, ஒருவரை நிறுத்தினாலும் அவரே விலகினாலும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும்.

என் யோசனை: கடிதத்துக்குப் பதில் எழுதும் முன் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசுங்கள். திரும்ப வர விருப்பமா என்று கேளுங்கள். ஆறரை வருஷம் கல்லாவைப் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தவர். இரண்டாவது சீசனுக்கு அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பது 52,500-ஐவிடக் கஷ்டம்.

துணிக்கடையில் விற்பனைப் பெண்கள் ஸ்டூல் கேட்கிறார்கள். உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதை இல்லையே? — வாசகர், கூடலூர்

ஸ்டூல் வாங்கிப் போடுங்கள். 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இருக்கை கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள். காலையிலிருந்து ராத்திரிவரை நீங்கள் கல்லா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், எந்த வாடிக்கையாளரும் கோபித்துக்கொண்டு போகவில்லை.

எங்கள் பேக்கரியில் வர்க்கி போடுகிற மாஸ்டர் சீசனுக்கு முன்னால் 40,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார். ஏப்ரலில் வேறு பேக்கரிக்குப் போய்விட்டார். அவருடைய ஆதாரும் ரேஷன் கார்டும் என் டிராயரில் இருக்கின்றன. பணம் வரும்வரை கொடுக்காதே என்கிறார்கள் நண்பர்கள். சரிதானே? — வாசகர், குன்னூர்

டிராயரைத் திறந்து இரண்டையும் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கார்டுகள் உங்கள் பணத்துக்கு ஈடு இல்லை. உங்கள்மேல் வழக்குப் போட வருகிறவருக்குத்தான் அவை சாட்சி.

அட்வான்ஸ் கொடுத்தது குற்றமில்லை. அந்தக் கடனைக் காட்டி, "இதைத் தீர்க்கும்வரை வேறு எங்கும் வேலைக்குப் போகக் கூடாது" என்று ஒருவரைக் கட்டிப் போடும்போது, விஷயம் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976 பக்கம் போகிறது. அதில் மூன்று வருஷம்வரை சிறை உண்டு. கடனும் செல்லாமல் போய்விடும். செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் வந்த சட்டம், பேக்கரிக்கு இல்லை என்று வாதாட வேண்டாம்.

பணத்தை வாங்க நேரான வழி இருக்கிறது. வவுச்சரில் அவர் கையெழுத்து இருந்தால் வக்கீல் நோட்டீஸ், அதற்கும் மசியவில்லை என்றால் சிவில் கோர்ட்டு. மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். வவுச்சரே இல்லையா? அப்படியென்றால் உங்கள் கையில் பேச்சு மட்டும்தான் இருக்கிறது. அடுத்த மாஸ்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது ஒரு வெள்ளைத்தாளில் தொகை, தேதி, மாதம் எவ்வளவு பிடிப்பது என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். 40,000 என்றால் மாதம் 4,000 வீதம் பத்து மாதம். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

ஒன்று சொல்ல வேண்டும். ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பேக்கரிக்காரர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஈஸ்ட் போடாமல் மாவா என்கிற புளிப்புக் கலவையைப் புளிக்க வைத்து, விறகடுப்பு முன்னால் விடியற்காலையில் நிற்கத் தெரிந்த கை இன்று எத்தனை இருக்கிறது? அவர் ஏன் போனார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் மிஷின் வைத்திருக்கிறேன். மொத்தம் 4 பேர். ஜார்க்கண்ட் பையன், வயது 25, மாதம் 15,000. மிஷின் செயினில் கை மாட்டி ஆள்காட்டி விரலின் நுனிக்கணு போய்விட்டது. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நான்தான் பார்த்தேன். கையில் 10,000 கொடுத்து ஊருக்கு அனுப்பினேன். போதுமா? — வாசகர், கேத்தி

போதாது. ஈ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் முதலாளிமேல் நேரடியாக வந்து உட்காரும். மிஷின் ஓடுகிற இடத்தில் 4 பேர், 40 பேர் என்ற பேச்சே இல்லை. 1923-இலிருந்து இருக்கிற சட்டம், இப்போது மேலே சொன்ன சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது.

இந்தச் சட்டத்தின் அட்டவணை விரலைக் கணு கணுவாக எண்ணுகிறது. படிக்கவே ஒரு மாதிரி இருக்கும். ஆள்காட்டி விரல் முழுக்கப் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு. இரண்டு கணு என்றால் 11, ஒரு கணு என்றால் 9. சம்பளத்தில் 60 சதவீதம் 9,000 ரூபாய். அதை 25 வயதுக்குச் சட்டம் தருகிற 216.91 என்ற எண்ணால் பெருக்கினால் 19,52,190. அதில் 9 சதவீதம் ஏறக்குறைய 1,75,700 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு தனி, அதை இதில் கழிக்க முடியாது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதிவரை அபராதமும் போடலாம். நீங்கள் இருவரும் ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டாலும், அந்த ஒப்பந்தத்தை அதிகாரியிடம் பதிவு செய்தால்தான் செல்லும்.

மீதி மூன்று பேருக்காவது உடனே ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுங்கள். அதற்கு முன்னால் அந்தச் செயினுக்கு ஒரு தகர மூடி அடியுங்கள். பாலாடாவில் வெல்டிங் பட்டறைக்கா பஞ்சம்?

ஆய்வாளர் வரப்போவதாகத் தகவல். ஆறு மாதமாக வருகைப் பதிவேடு எழுதவில்லை. சீக்கிரம் எழுதி முடிக்க நல்ல மாதிரி ஒன்று அனுப்ப முடியுமா? — வாசகர், அருவங்காடு

அனுப்ப மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். 2009-இல் எங்கள் டைம் ஆபீஸில் இரண்டு மாதம் செக்ரோல் பாக்கி விழுந்துவிட்டது. டிசம்பரில் ஆய்வு என்றதும், நான் ஒருவனே ஒரு ராத்திரி உட்கார்ந்து, ஒரே பேனாவில் எல்லாவற்றையும் நிரப்பினேன். வந்தவர் சத்தம் போடவில்லை. நோட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து மையைப் பார்த்தார். அப்புறம் நவம்பர் 10 என்ற கட்டத்தில் விரலை வைத்தார். அந்த மழையில் மலையெங்கும் மண் சரிந்து, ரோடு அடைபட்டு, ஊரே இழவு வீடாகக் கிடந்த நாள். நோட்டில் 64 பேரும் வேலைக்கு வந்திருந்தார்கள்.

"நீங்க அன்னைக்கு எப்படி வந்தீங்க?" என்று கேட்டார். முதல் வரியில் இருந்தது என் பெயர்தான்.

அதற்குப் பிறகு நாங்கள் எழுதிய எந்த உண்மையையும் அவர் நம்பவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. ஓவர்டைம் கொடுத்தது நிஜம், அதையும் பொய் என்றே எடுத்துக்கொண்டார்.

எழுதவில்லை என்று ஒத்துக்கொள்ளுங்கள். சம்பளம் போட்ட பேங்க் ஸ்டேட்மென்ட்டையும், லீவு கேட்டு வந்த வாட்ஸ்ஆப் செய்திகளையும் எடுத்து வையுங்கள். பதிவேட்டை இன்றைய தேதியிலிருந்து தொடங்குங்கள்.

ஹோம்ஸ்டே நடத்துகிறேன். மூன்று பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அறை சுத்தம் செய்யப் போன பெண்ணிடம் தங்கியிருந்தவர் தவறாக நடந்துகொண்டார். நம் ஆள் யாரும் இல்லை, விருந்தினர்தான். 10 பேர் இல்லாததால் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் கமிட்டியும் கிடையாது. நான் என்ன செய்வது? — வாசகி, கோத்தகிரி

கமிட்டி உங்களிடம் இல்லாவிட்டால் மாவட்டத்தில் இருக்கிறது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேருக்குக் குறைவான இடங்களிலிருந்து வரும் புகாருக்காகவே மாவட்டத்துக்கு ஓர் உள்ளூர்க் குழு உண்டு. கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

வெளி ஆட்களால் தொல்லை வராமல் பார்த்துக்கொள்வதும் முதலாளியின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. அந்தப் பெண் போலீசுக்குப் போக விரும்பினால் நீங்கள் கூடப் போக வேண்டும். தங்கினவரின் அடையாள அட்டை நகலையும் வரவேற்பறைக் கேமரா பதிவையும் இன்றே தனியாக எடுத்து வையுங்கள். பழைய பதிவு தானாக அழிந்துவிடும். அறைக்கு இனி இரண்டு பேராகப் போகட்டும். கெட்ட ரிவ்யூ போடுவார் என்று பயப்படாதீர்கள் அம்மா.

ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் பையன்கள் லீவு கேட்கிறார்கள். கலெக்டர் உள்ளூர் விடுமுறை விட்டால் நானும் சம்பளத்தோடு விட வேண்டுமா? — வாசகர், வெலிங்டன்

உள்ளூர் விடுமுறை அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கும்தான், உங்கள் கடையை அது கட்டாது. ஆனால் 1958-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி வருஷத்துக்கு 9 நாள் சம்பளத்தோடு விட வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மாறாது. மீதி ஐந்து பண்டிகை நாள், ஆய்வாளர் உங்களையும் ஊழியரையும் கலந்து முடிவு செய்வது. கடையில் பாதிப்பேர் படகர் என்றால், தீபாவளி, பொங்கலோடு அவர்களுடைய ஹெத்தையம்மன் பண்டிகையையும் அந்த ஐந்தில் சேர்ப்பதில் என்ன கஷ்டம்? அன்று யாராவது வேலைக்கு வந்தால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளமும் மாற்று விடுமுறையும். பட்டியலை டிசம்பரிலேயே எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, கல்லாவுக்குப் பின்னால் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.