மழை விட்ட இரவுகளில் மட்டும் அலறும் தீ அலாரம்

குன்னூர் அடுக்குமாடியில் மழை விட்ட இரவுகளில் மட்டும் அலாரம் அலறுகிறது, புகையே இல்லை, பேசாமல் கழற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கழற்றாதீர்கள். எனக்கென்னவோ மூடுபனி மேல்தான் சந்தேகம். இப்போது பெரும்பாலும் மாட்டுகிற புகை உணரிக்குள் ஒளிக்கற்றை ஒன்று இருக்கும். புகைத்துகள் அதைச் சிதறடித்தால் மணி அடிக்கும். பனித்திவலையும் அதையேதான் செய்யும். நடைவழி ஜன்னல்களை ராத்திரியில் யாராவது திறந்துபோடுகிறார்களா பாருங்கள்.

அடுத்த முறை அடித்தாலும் பொய் என்று படுத்துவிடாமல் படி வழியாக இறங்குங்கள், லிஃப்ட் வேண்டாம். தீ இல்லை என்று உறுதியானதும், ரீசெட் அழுத்தும் முன் பேனலில், அதாவது அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியில், எந்தப் பகுதி காட்டுகிறது என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம்தான் என்றால், அந்த உணரியைத் தள்ளி வைக்கலாம், அல்லது வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் வகைக்கு மாற்றலாம். பராமரிப்பு ஆட்களைக் கேளுங்கள்.

அப்புறம், குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு மூட்டுகிறவர்கள் உண்டா? கனன்ற கரியில் புகை குறைவு. அலாரம் அடிக்காமலே, அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு ஆளைக் கொன்றுவிடும். அதைச் சங்கக் கூட்டத்தில் கட்டாயம் பேசுங்கள்.