குறி கலங்கலாகவே தெரியட்டும்

வாசகர் கேள்வி – பதில்

காற்றின் அழுத்தத்தால் குண்டைத் தள்ளிச் சுடும் ஏர் பிஸ்டல் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. என்னைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: கோவையில் பள்ளிக் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது 59. பிஸ்டலை முதன்முதலில் கையில் எடுத்தபோது 36. இப்போதும் வாரத்தில் நான்கு நாள் ரேஞ்சுக்கு (சுடும் தளத்துக்கு)ப் போகிறேன், மூத்தோர் பிரிவில் சுடுகிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன்.

மனு பாக்கர் ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியதைப் பார்த்ததிலிருந்து என் 13 வயது மகள் ஏர் பிஸ்டல் கேட்கிறாள். நல்லது வாங்க இரண்டு லட்சம் ஆகும் என்கிறார்கள். நகையை அடகு வைத்து வாங்கிவிடலாமா? (ஒரு தாய், காங்கேயம்)

நகையைத் தொடாதீர்கள், சகோதரி. முதலில் மகளை ஒரு ரைபிள் கிளப்புக்குக் கூட்டிப் போங்கள். பெரும்பாலான கிளப்புகளில் புதியவர்களுக்கென்று பிஸ்டல் வைத்திருப்பார்கள். ஆறு மாதம் அதில் சுடட்டும். முதல் சில வாரம் கறுப்பு வட்டமே இல்லாத வெள்ளை அட்டையைப் பார்த்துத்தான் சுடச் சொல்வேன். அதில் சலிப்பு வராத பிள்ளை இந்த விளையாட்டில் தங்கும்.

ஆறு மாதம் பொறுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போட்டி ஏர் பிஸ்டல் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். அதை ஒரே கையால், கை நீட்டிப் பிடிக்க வேண்டும். போட்டியில் அப்படி 60 ஷாட். 13 வயதுத் தோள் இன்னும் வளர்கிற தோள். கையும் வளரும், இன்று பொருந்துகிற கிரிப் (கைப்பிடி) அடுத்த வருடம் இறுக்கும். எடை குறைந்த சின்ன மாடல்களும் இருக்கின்றன. எது சரி என்பதை அவள் கையைப் பார்த்துக் கோச்தான் சொல்ல வேண்டும்.

மனுவும் பிஸ்டலோடு பிறந்தவர் அல்ல. குத்துச்சண்டை, ஸ்கேட்டிங், டென்னிஸ், மணிப்பூரின் தாங்-டா எல்லாம் ஆடிப் பார்த்துவிட்டு, 2016 ரியோ ஒலிம்பிக் முடிந்த பிறகுதான் 14 வயதில் பிஸ்டலுக்கு வந்தார். 2018-இல் மெக்சிகோவின் குவாதலஹாராவில் உலகக் கோப்பைத் தங்கம்.

வாங்கும் நாள் வந்து, பழைய பிஸ்டல் கிடைத்தால் தாராளமாகப் பாருங்கள். ஸ்டெயர், மொரினி, வால்தர், பார்தினி போன்றவை நன்றாகப் பராமரித்தால் பல வருடம் உழைக்கும். ஆனால் காற்றுச் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சிலிண்டருக்குப் பத்து வருடம்தான் ஆயுள். காலாவதியான சிலிண்டரோடு போட்டிக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். 200 பார் அழுத்தம் அடைத்த உலோகக் குழாய் அது, பாதுகாப்புக்காகவும் அந்தத் தேதியை மதிக்க வேண்டும். கையில் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். பெல்லட் (சுடும் ஈயக் குண்டு), டார்கெட் அட்டை, கிளப் சந்தா, காங்கேயத்திலிருந்து வந்து போகும் செலவு எல்லாம் மாதாமாதம் வரும். மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டுமா? (தஞ்சாவூர்)

4.5 மில்லிமீட்டர் குழாயும் 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலும் உள்ள ஏர் பிஸ்டலுக்கு, 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. போட்டி பிஸ்டலின் ஆற்றல் ஆறேழு ஜூல்தான். கடையில் உங்கள் அடையாளச் சான்றைப் பதிவு செய்வார்கள். 25 மீட்டர் போட்டிக்கான .22 பிஸ்டல் வெடிமருந்தால் இயங்குவது. அதற்கு உரிமம் கட்டாயம், தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. உரிமம் வேண்டாம் என்பதற்காக ஏர் பிஸ்டலைப் பேருந்தில் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்காதீர்கள். பெட்டியில் பூட்டித்தான் அது வெளியே வர வேண்டும்.

ஒரு வருடமாகச் சுடுகிறேன். கை நடுக்கம் நிற்கவே இல்லை. 600-க்கு 530-ஐத் தாண்ட முடியவில்லை. எனக்கு இது வராதா மேடம்? (கல்லூரி மாணவர், சேலம்)

தம்பி, கை அசையத்தான் செய்யும். ஒலிம்பிக்கில் சுடுகிறவர் கையும் அசைகிறது. உங்கள் பாயின்ட்டைத் தின்பது நடுக்கம் அல்ல. அதைக் கணக்காகவே சொல்கிறேன்.

அட்டையின் நடுவில் பத்துப் பாயின்ட் தரும் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். பெல்லட்டின் விட்டம் 4.5. ஓரம் தொட்டாலே பத்து கிடைக்கும் என்பதால், பெல்லட்டின் நடு, மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விலகலாம். சரி, இப்போது உங்கள் கை மொத்தமாக 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்கிறது, ஆனால் ஃப்ரண்ட் சைட்டும் (குழாய் நுனியில் இருக்கும் குறிமுனை) ரியர் சைட்டும் (கண் பக்கம் இருக்கும் பள்ளமுள்ள தகடு) நேராகவே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையிலும் அதே 5 மில்லிமீட்டர்தான் விலகும். அது பத்து.

அடுத்து, கை நகரவில்லை, ஆனால் மணிக்கட்டு லேசாகத் திரும்பி, ரியர் சைட்டின் பள்ளத்துக்குள் ஃப்ரண்ட் சைட் 1 மில்லிமீட்டர் ஒதுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சைட்டுக்கும் நடுவே சுமார் 32 சென்டிமீட்டர். அட்டை இருப்பது 10 மீட்டரில், அதாவது 31 மடங்கு தூரத்தில். அந்த 1 மில்லிமீட்டர் அட்டையில் 31 மில்லிமீட்டர் ஆகிறது. அது ஏழு.

5 மில்லிமீட்டர் நடுக்கத்துக்குப் பத்து, 1 மில்லிமீட்டர் திருப்பத்துக்கு ஏழு. இந்தக் கணக்கை நானே போட்டுப் பார்த்த அன்றுதான் எனக்கு இந்த விளையாட்டு புரிந்தது. அதற்கு முன் நான்கு வருடம் நானும் கறுப்பு வட்டத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். கண் இருக்க வேண்டிய இடம் ஃப்ரண்ட் சைட். அது கத்தி முனை போலத் தெளிவாகத் தெரியட்டும், குறி கலங்கலாகவே தெரியட்டும். பலரும் வட்டத்தின் நடுவைப் பார்க்காமல் அதற்குக் கீழே வெள்ளையில் பிடிப்பதும் இதற்காகத்தான். கறுப்பு மேல் கறுப்பு வைத்தால் ஃப்ரண்ட் சைட் நேராக இருக்கிறதா என்றே தெரியாது.

அப்புறம் ட்ரிகர். சைட் அழகாக நிற்கிற நொடியில் "இப்போ!" என்று விரல் பறிக்கிறதல்லவா, அதில்தான் மணிக்கட்டு திரும்புகிறது. பத்து போக வேண்டிய ஷாட் ஏழுக்குப் போவது அங்கேதான். ட்ரிகரின் குறைந்தபட்ச எடை 500 கிராம். போட்டிக்கு முன் அந்த எடையை ட்ரிகரில் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். அந்த 500 கிராமை ஒரே சீராக, நிறுத்தாமல் பின்னோக்கி அழுத்திக்கொண்டே போங்கள். கை அதுபாட்டுக்கு அசையட்டும்.

எட்டுப் பத்து நொடிக்குள் ஷாட் போகவில்லையென்றால் கையை இறக்கிவிடுங்கள். 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், அவசரமே இல்லை. என் மாணவர்களின் நோட்டில் பாயின்ட்டுக்குப் பக்கத்தில் "இறக்கியது எத்தனை முறை" என்று ஒரு பத்தி உண்டு. ஒரு முறைகூட இறக்காத நாளின் ஸ்கோர் பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும். ஒரு மாதம் அப்படி எழுதிப் பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் போடுங்கள்.

பெல்லட்டில் இவ்வளவு விலை வித்தியாசம் ஏன்? மலிவானது போதாதா? (திண்டுக்கல்)

பயிற்சிக்குப் போதும். போட்டிக்கு நல்லது எடுங்கள்.

பெல்லட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் நம் உடுக்கை போல இடுப்பு சிறுத்திருக்கும். தலை தட்டையாக இருந்தால்தான் அட்டையில் பஞ்ச் போட்டது போல வட்டமான ஓட்டை விழும், பாயின்ட் கணக்கில் சந்தேகம் வராது. பின்பக்கப் பாவாடை மெல்லிய ஈயம். காற்று தள்ளும்போது அது விரிந்து குழாயோடு ஒட்டிக்கொள்ளும். மலிவான டப்பாவில் அந்தப் பாவாடை நசுங்கிய பெல்லட்டுகள் கலந்திருக்கும். நல்ல ரகத்தில் தலையின் அளவை 4.49, 4.50 என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். எந்த அளவு உங்கள் குழாய்க்குப் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிஸ்டலை அசையாமல் பிணைத்து, ஒவ்வொரு அளவிலும் பத்துப் பெல்லட் சுட்டு, எது நெருக்கமாக விழுகிறதென்று பார்க்க வேண்டும்.

ஆனால் தம்பி, 540-க்குக் கீழே சுடுகிறவர் பெல்லட்டை மாற்றி மாற்றி வாங்குவது வீண் செலவு. நான் தோற்ற ஒரு போட்டியில் பெல்லட் மேல் ஒரு குற்றமும் இல்லை. மாநிலப் போட்டி, நாற்பதாவது ஷாட்டுக்குப் பிறகு ஒவ்வொன்றும் கீழே இறங்கியது. ஏழு, ஏழு, ஆறு. ரியர் சைட்டைத் திருகினேன், பெல்லட் டப்பாவை மாற்றினேன். கடைசியில்தான் சிலிண்டரின் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தேன். முந்தைய நாள் பயிற்சிக்குப் பிறகு நான் காற்று நிரப்பவே இல்லை. அந்த வருடம் தேசியப் போட்டிக்கான தகுதி மூன்று பாயின்ட்டில் போனது. அன்றிலிருந்து பெட்டியின் மூடிக்குள் "காற்று" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஒன்று மறக்கக் கூடாது: பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கைத் தொடாதீர்கள். பிள்ளைகளிடம் நான் கண்டிப்பு காட்டுவது இதில்தான்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கிக்காரர் யூசுப் டிகெச் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, சாதாரணக் கண்ணாடியோடு வெள்ளி வாங்கினாரே! அப்படியானால் மற்றவர்களின் கருவியெல்லாம் தேவையில்லையா? (காரைக்கால்)

கையைப் பாக்கெட்டில் விடுவது பிஸ்டல்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். சும்மா தொங்குகிற கை ஆடும், உடம்பையும் ஆட்டும். அதனால் பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ செருகிவிடுவோம். ரைபிள்காரர்களைப் போல விறைப்பான கோட்டு எங்களுக்குக் கிடையாது. ஷூவும் கணுக்காலை மூடக் கூடாது. மற்றவர்கள் கண்ணில் மாட்டியிருந்த கருவி, ஒரு கண்ணுக்கு லென்ஸும் மறு கண்ணை மறைக்கச் சிறு தகடும்தான். அவர் இரண்டு கண்ணையும் திறந்து சுடுகிறவர், அதனால் அவருக்குத் தேவைப்படவில்லை. காதில் அடைப்பான் வைத்திருந்தார். அப்போது அவருக்கு வயது 51. நான் பார்த்து மகிழ்ந்தது அதைத்தான்.

எனக்கு 48 வயது. ஃப்ரண்ட் சைட் மங்குகிறது. விட்டுவிடலாமா? (புதுச்சேரி)

விடாதீர்கள். எனக்கு 46-இல் அது நடந்தது. கண் மருத்துவரிடம் போகும்போது, கை நீட்டிப் பிடித்த நிலையில் கண்ணுக்கும் ஃப்ரண்ட் சைட்டுக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள். தூரப் பார்வைக்கான உங்கள் பவரோடு பிளஸ் 0.75 சேர்த்தால் பெரும்பாலோர்க்குச் சரியாக வரும். எனக்கும் அதுதான். சுடுகிற கண்ணுக்கு மட்டும் அந்த லென்ஸ். மறு கண்ணை இறுக்கி மூடினால் முகமே களைத்துவிடும், 30 மில்லிமீட்டர் அகலம் வரை மறைப்புத் தகடு வைக்க விதி இடம் தருகிறது.

நடிகர் அஜித் குமார் கார் ஓட்டுகிறார், பைக்கில் ஊர் சுற்றுகிறார், 2021-இல் சென்னையிலும் 2022-இல் திருச்சியிலும் மாநிலத் துப்பாக்கிச் சுடுதல் போட்டிகளில் பதக்கமும் வாங்கினார். இத்தனை பொழுதுபோக்கு இருந்தால் கவனம் சிதறாதா? உங்களுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? (ஈரோடு)

எனக்குச் சிதறவில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்று கிளைத்தது என்றே சொல்வேன்.

என் இரண்டாவது பொழுதுபோக்கு மர வேலை. அப்பா தச்சர். சின்ன வயதில் உளியைத் தொட விட மாட்டார். பிஸ்டல் வாங்கிய பிறகு கிரிப் என் கைக்குப் பெரிதாக இருந்தது. வால்நட் மரம், செதுக்க அருமையான மரம். அப்பாவின் அரத்தை எடுத்து ராவி, மர மக்கு அப்பி, மறுபடி ராவி, என் உள்ளங்கைக் குழிக்கு அதைக் கொண்டுவர ஐந்து மாதம் ஆனது. முதல் போட்டியிலேயே சிக்கல். பிஸ்டல் முழுதும் 420-க்கு 200-க்கு 50 மில்லிமீட்டர் அளவுள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். நான் அப்பிய மக்கு 50-ஐத் தாண்டிவிட்டது. சோதனை மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தேய்த்தேன். ஓய்வுபெற்ற வயதில் அப்பா அதைக் கேட்டுவிட்டு, பிஸ்டலை மடியில் வைத்து வெகுநேரம் தடவிப் பார்த்தார். பிறகு உளியை எடுத்துக் கொடுத்தார்.

இப்போது பிள்ளைகள் கேட்டால் கிரிப் செதுக்கித் தருகிறேன். மிச்ச நேரத்தில் பலா மரத்தில் பல்லாங்குழி செய்கிறேன். குழி பதினான்கும் ஒரே ஆழமாக வர வேண்டும். இதுவரை ஒன்பது பலகை முடித்திருக்கிறேன், எட்டாவதுதான் எனக்குத் திருப்தி.

ரேஞ்ச் 40 கிலோமீட்டர் தள்ளி. வீட்டில் பயிற்சி செய்ய வழி உண்டா? (வேலை பார்க்கும் பெண், அரியலூர்)

உண்டு. டிரை ஃபயர், அதாவது பெல்லட் இல்லாமல் ட்ரிகர் மட்டும் அழுத்துவது. நிறையப் போட்டி பிஸ்டல்களில் இதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது, காற்றும் செலவாகாது. பெல்லட் டப்பாவை வேறு அறையில் வைத்துவிட்டு, குழாய் காலியா என்று இரண்டு முறை பாருங்கள். அந்தப் பக்கம் ஆள் வராத வெறும் சுவரைப் பார்த்து நில்லுங்கள். கதவு, ஜன்னல் பக்கம் வேண்டாம். தினமும் இருபது நிமிடம், முப்பது ஷாட். ட்ரிகர் விழும் நொடியில் ஃப்ரண்ட் சைட் எந்தப் பக்கம் துள்ளியது என்று ஒவ்வொரு முறையும் சத்தமாகச் சொல்லுங்கள், "இடது", "கீழே", "அசையவில்லை" என்று. வீட்டில் இருப்பவர்களுக்கு முன்பே சொல்லி வைத்துவிடுங்கள். முடிந்ததும், குழாய் காலி என்று காட்டும் பாதுகாப்புக் கயிற்றை அதில் செருகி, பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.